நம் பாட்டியின் பெயர் பின்னிணைப்பில் இருக்கிறது

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நம் சேரிகள் நிறையக் கொடுத்திருக்கின்றன. ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு, குலசாமிக் கதை, பறையில் அடிக்கும் அடிகளின் பெயர்கள், தோல் வேலைக்கான கருவிகளின் பெயர்கள், படியளந்த கூலியின் கணக்கு, எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்ற விவரம் வரை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறோம். டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் சொன்னோம். இப்போது கைப்பேசியோடு வருகிறவர்களுக்கும் சொல்கிறோம். வந்தவர்கள் எழுதினார்கள், பட்டம் பெற்றார்கள். அவர்களில் பலர் பேராசிரியர்களாகி ஓய்வும் பெற்றுவிட்டார்கள். அந்த ஆய்வேடு என்ன ஆயிற்று என்று எந்த ஊரிலாவது கேட்டுப் பாருங்கள். "யாரோ ஒரு தம்பி வந்து எழுதிக்கிட்டுப் போச்சு" என்பதற்கு மேல் பதில் வராது.

நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், கடைசியில் 'தகவலாளர் பட்டியல்' என்று ஒரு பின்னிணைப்பு இருக்கும். பெயர், வயது, சாதி, தொழில், ஊர் என்று கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். வயது எழுபது, தொழில் விவசாயக் கூலி, கல்வி இல்லை. அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் அம்மாவை ஆய்வாளருக்குத் தகவலாளர் என்ற முறையில்தான் தெரியும். அந்த ஊரில் அவர் ஒருவருக்குப் பாட்டி, இன்னொருவருக்குப் பெரியாயி. இன்று அவர் உயிரோடு இல்லை. அவர் குரல் பதிவான ஒலிநாடா பூஞ்சை பிடித்துப் போயிருக்கும். அவர் பாடிய பாட்டு எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அந்த ஆய்வேடுதான். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே அவருடைய பேரப்பிள்ளைக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை அதே பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாலும் தெரியாது.

இந்த ஆய்வுகளெல்லாம் யார் பணத்தில் நடந்தன? அரசுப் பல்கலைக்கழகம், அரசு உதவித்தொகை, அரசுச் சம்பளம் வாங்கும் நெறியாளர் என எல்லாம் மக்கள் பணம்தான். அப்படி உருவான ஆய்வேடு மூன்று நான்கு படிகளாகக் கட்டப்படும். நூலகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, நெறியாளருக்கு ஒன்று, எழுதியவர் வீட்டில் ஒன்று. எந்த மக்களைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களுக்கு ஒரு படி என்று எந்த விதியிலும் கிடையாது.

நான் முதுகலைத் தமிழ் படித்த காலத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுப் பகுதிக்குள் நுழையத் துறைத்தலைவரின் கடிதம் கேட்டார்கள். கடிதத்தோடு போனால், இந்த ஆய்வேட்டை எதற்காகப் பார்க்கிறாய் என்று கேட்டார்கள். பார்க்கலாம், ஆனால் நகல் எடுக்கக் கூடாது. பேனா கொண்டு போகக் கூடாது, பென்சில் மட்டும்தான். இப்படிப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டு வந்தவர்கள் என் தலைமுறையில் பலர். இன்று நிலைமை பெருமளவு மாறிவிட்டது. மாறியது கிராமத்து மாணவர்களுக்கு வந்து சேராமல் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அது என்ன மாற்றம் என்று சொல்வதற்கு முன், இவற்றை நாம் ஏன் தேடிப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டியின் பாட்டு மட்டும் காரணமல்ல. நம்மைப் பற்றி என்னென்ன தீர்ப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மானுடவியலாளர் மைக்கேல் மொஃபாட் அந்த மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் சேரியில் கள ஆய்வு செய்தார். அது 1979இல் நூலாக வெளிவந்தது. அவருடைய முடிவைச் சுருக்கமாகச் சொன்னால், தீண்டப்படாதவர்கள் சாதி அமைப்பின் மதிப்பீடுகளை ஏற்றுக்கொண்டவர்கள். தங்களை ஒதுக்கிய அதே அடுக்கைத் தங்களுக்குள்ளும் அப்படியே கட்டிக்கொண்டவர்கள். அதாவது அடிபடுகிறவனுக்கும் அடி சம்மதம் என்கிறார். அதே மாவட்டத்தில் வேலை செய்த இன்னொரு அமெரிக்கர் ஜோன் மென்ச்சர். அவர் 1974இலேயே எழுதிய கட்டுரையில், சாதியைக் கீழே இருந்து பார்த்தால் அது திட்டமிட்ட சுரண்டலாகத் தெரிகிறது, கீழே இருக்கிறவர்களுக்கு அது நன்றாகவே புரிந்திருக்கிறது என்றார். பிறகு இராமநாதபுரம் பகுதியில் பறையர் மக்களிடையே ஆய்வு செய்த பெல்ஜியத்துக்காரர் ராபர்ட் டெலியேஜ் 1992இல் மொஃபாட்டை மறுத்து எழுதினார்.

நாம் சாதியை ஒத்துக்கொண்டோமா இல்லையா என்பது பற்றிய வழக்கு இது. இருபது ஆண்டுகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தது. வாதி, பிரதிவாதி, நீதிபதி எல்லாரும் வெளியூர்க்காரர்கள். சம்பந்தப்பட்ட சேரிக்கு சம்மன்கூட வரவில்லை. அந்தச் சேரியின் பட்டதாரிப் பிள்ளைகள் அந்த நூலைப் படித்து, "ஐயா, எங்கள் தாத்தா உங்களிடம் அப்படிச் சொன்னதற்குக் காரணம், பக்கத்தில் நாட்டாமை உட்கார்ந்திருந்தார்" என்று ஒரு வரி எழுத முடிந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. அப்படிக் கேட்கும் இடத்தில் நாம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

தஞ்சை மாவட்டத்து 'ஸ்ரீபுரம்' பற்றி ஆந்த்ரே பெத்தேய் எழுதி 1965இல் வெளியான நூலும் தில்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆய்விலிருந்து வந்ததுதான். ஸ்ரீபுரம் உண்மைப் பெயரல்ல, மாற்றி வைத்த பெயர். ஆய்வாளர் அக்கிரகாரத்தில் தங்கியிருந்து ஆய்வு செய்தார். இந்த நூல் இன்றும் சமூகவியல் வகுப்புகளில் பாடம். எந்தத் தெருவில் தங்கியிருந்து எழுதினார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். எல்லா ஆய்வேட்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஊர்த்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டதா, காலனியில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதா?

வெளிநாட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. நம் பல்கலைக்கழகங்களில் வந்த ஆய்வேடுகள் பலவற்றில் முதல் இயலைத் திறந்தால், எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலிலிருந்து இழிவான தோற்றக் கதைகளை அப்படியே பெயர்த்து வைத்திருப்பார்கள். கதையைச் சொன்னவர் யார், ஏன் சொன்னார் என்ற கேள்வி இருக்காது. ஒருவர் பெயர்த்ததை அடுத்தவர் பெயர்ப்பார். காசு கொடுத்து எழுதி வாங்கும் வியாபாரம் வேறு தனியாக நடக்கிறது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டுக்கு எதிராக விதிமுறை கொண்டுவந்து, பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் நடவடிக்கை என்றது. மென்பொருள் வார்த்தைகளை ஒப்பிடும். ஒரு சமூகத்தைப் பற்றிய பொய் நூறு ஆண்டுகளாக நகலெடுக்கப்படுவதை அது கண்டுபிடிக்காது. அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் அந்தச் சமூகத்தில் பிறந்த வாசகர்கள்தான்.

பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்க்கையில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்பது பற்றியது. அப்போது அவருக்கு வயது 25. அகமணமே சாதியைக் காப்பாற்றும் பூட்டு என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். வகுப்பில் வாசித்ததோடு அது முடிந்திருந்தால் நமக்கு எதுவும் கிடைத்திருக்காது. 1917இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் அச்சானதால்தான் இன்று தமிழிலும் படிக்கிறோம். அதே 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து அவர் நாடு திரும்பியபோது, அவருடைய புத்தகங்கள் தனியாக வேறொரு கப்பலில் அனுப்பப்பட்டன. உலகப் போர்க் காலம். கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது, புத்தகங்களும் போயின. அச்சாகி நாலு கைக்குப் போனது பிழைத்தது, ஒரே பெட்டியில் இருந்தது கடலுக்குள் போனது.

அவருடைய முனைவர் பட்டக் கதை இன்னும் பொருத்தமானது. கொலம்பியாவில் அப்போது ஆய்வேட்டை அச்சிட்டுப் படிகளை ஒப்படைத்த பிறகே பட்டம் தருவார்கள். அச்சிடப் பணம் வேண்டுமே! பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அந்த ஆய்வு 1925இல்தான் லண்டனில் நூலாக வந்தது. 1927இல்தான் பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது. ஆய்வு என்றால் அதை உலகத்தின் முன் வைத்தாக வேண்டும் என்பது அன்றைய விதி. நம்முடைய நூலகங்களில் அதற்கு நேர்மாறான பழக்கம் வேரூன்றியது. பட்டம் வாங்கும் வரை ஓட்டம், வாங்கிய பிறகு பூட்டு.

இந்தப் பூட்டைத் திறந்த மாற்றத்துக்கு வருகிறேன். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி போட்டது. பட்டம் அறிவித்த முப்பது நாளுக்குள் ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்க வேண்டும், அது எல்லாரும் பார்க்கும்படி வைக்கப்படும் என்றது. 2016 விதிமுறை இன்னும் இறுக்கியது. மின்படியைக் கொடுத்துவிட்டுத்தான் பட்டமே வழங்க வேண்டும். இதற்காக குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் களஞ்சியத்துக்கு 'ஷோத்கங்கா' என்று பெயர். ஷோத் என்றால் ஆய்வு. (பெயரில் கங்கை மட்டும்தான் ஓட வேண்டுமா, காவிரியும் தாமிரபரணியும் ஓடக் கூடாதா என்று கேட்கலாம். அதை இன்னொரு வாரம் கேட்போம்.) நாடு முழுவதிலிருந்தும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார், பெரியார் பல்கலைக்கழகம் என நமக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் உண்டு. கட்டணம் இல்லை. துறைத்தலைவர் கடிதம் வேண்டாம். எதற்காகப் பார்க்கிறாய் என்று கேட்க ஆளும் இல்லை. கைப்பேசியில் இணையம் இருந்தால் கருவேலங்காட்டு நிழலில் உட்கார்ந்தும் படிக்கலாம்.

ஒவ்வோர் ஆய்வேடும் தலைப்புப் பக்கம், பொருளடக்கம், இயல்கள், நூற்பட்டியல், பின்னிணைப்பு என்று தனித்தனி பிடிஎஃப் கோப்புகளாக இருக்கும். நம் வேலைக்கு முதலில் திறக்க வேண்டியது பின்னிணைப்பு, பிறகு நூற்பட்டியல், அதன் பிறகுதான் இயல்கள்.

தேடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதைத் தெரியாமல்தான் பல மாணவர்கள் "ஒன்றும் வரவில்லை சார்" என்று திரும்பிவிடுகிறார்கள். நம்மைக் குறிக்கும் சொல் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களை வைத்து எழுதியவர்கள் பறையர், பஞ்சமர் என்று எழுதுவார்கள். எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு 1922இல் ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. வெள்ளையர் அரசின் கடிதங்களில் 'டிப்ரெஸ்டு கிளாசஸ்'. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு 'ஷெட்யூல்டு காஸ்ட்'. காந்தியார் தாக்கத்தில் எழுதியவர்களுக்கு அரிசனர். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 1990களில்தான் தலித் என்ற சொல் தமிழ்நாட்டில் பரவலானது. தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயர் சட்டப்படி வந்தது 2021இல். அதற்கு முந்தைய ஆய்வேடுகளில் பள்ளர், குடும்பர், தேவேந்திரர் என்று வெவ்வேறாக இருக்கும். அருந்ததியர் பற்றித் தேடுகிறவர்கள் சக்கிலியர், மாதாரி என்றும் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லைத் தட்டும்போது கை கூசும், தெரியும். ஆனால் எழுதியவன் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறான்.

ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். தஞ்சாவூர் என்று தேடினால் வராதது, வெள்ளைக்காரன் சொன்ன 'டேஞ்சூர்' என்று தேடினால் வரும். இராமநாதபுரத்துக்கு 'ராம்நாடு', செங்கல்பட்டுக்கு 'சிங்கிள்புட்'. மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதையும் நினைவில் வைக்க வேண்டும். விழுப்புரம் பற்றிய பழைய ஆய்வு தென்னார்க்காட்டுக்குள் இருக்கும், திருவண்ணாமலை வடார்க்காட்டுக்குள் இருக்கும்.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளின் நிலைமைதான் மோசம். தலைப்பைத் தமிழ் எழுத்தில் பதியாமல் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துப் போட்டிருப்பார்கள். ஒருவர் குறில் நெடில் பார்த்து எழுதியிருப்பார், இன்னொருவர் மனம்போனபடி எழுதியிருப்பார். உள்ளே இருக்கும் தமிழோ பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது, இல்லையென்றால் வெறும் ஸ்கேன் படம். தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வின் நடுப்பக்கத்தில் வரும் ஒரு சொல்லை நொடியில் கண்டுபிடிக்க முடிகிறபோது, தமிழில் எழுதியதைக் கண்டுபிடிக்கப் பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. முதல் தலைமுறையாகப் படித்து வந்த நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆய்வை எழுதியது தமிழில்தான். செம்மொழிக்கு விழா எடுக்கும் பல்கலைக்கழகங்கள் ஒரு தலைப்பைத் தமிழ் எழுத்தில் ஏற்றுவதற்கு என்ன தயக்கம்?

2009க்கு முந்தையவை பல இன்னும் ஏறவில்லை. பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்ய மானியக் குழு நிதியுதவியும் அளித்தது. பயன்படுத்திக்கொண்ட பல்கலைக்கழகங்கள் உண்டு. அலமாரியைத் தொடாதவையும் உண்டு. எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்பதைத் தளத்திலேயே எண்ணிக்கையோடு பார்க்கலாம்.

இதைவிட அவசரமான ஒன்று எம்.பில். ஆய்வேடுகள். ஷோத்கங்காவில் இருப்பவை பெரும்பாலும் பிஎச்.டி. ஆய்வேடுகள்தாம். ஆனால் நம் தெருக்களிலிருந்து போனவர்களில் அதிகம் பேர் எம்.பில். வரைதான் படித்தார்கள். குடும்பச் சுமை, வேலை, கல்யாணம், உதவித்தொகை நின்றுபோனது என்று காரணங்கள் பல. அவர்கள் தங்கள் சொந்த ஊரைப் பற்றி, சொந்தத் தெருவைப் பற்றி, அப்பன் செய்த தொழிலைப் பற்றி எழுதினார்கள். நூற்றைம்பது பக்கத்துக்குள் இருக்கும், நடை அங்கங்கே தடுமாறும், ஆனால் ஊர்க்காரன் எழுதியது. வெளியாளுக்குச் சொல்லாததை அம்மா மகனுக்குச் சொல்லியிருப்பாள்.

2022 விதிமுறையோடு எம்.பில். படிப்பையே மானியக் குழு நிறுத்திவிட்டது. படிப்பு போன பிறகு அந்த ஆய்வேடுகளுக்குத் துறைகளில் மரியாதை இல்லை. இடம் போதவில்லை, வெள்ளையடிக்க வேண்டும், தரச்சான்றுக் குழு வருகிறது என்று ஏதாவது ஒரு காரணத்தில் ஒழித்துக் கட்டுகிறார்கள். ஒரு கல்லூரியின் மாடிப்படிக்குக் கீழே எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த மூட்டைகளை நானே பார்த்திருக்கிறேன். ரெக்சின் அட்டையைக் கிழித்துத் தனியாகப் போட்டிருந்தார்கள், பழைய தாள்காரர் அட்டையோடு எடுக்க மாட்டாராம். மேலே கிடந்ததன் தலைப்பு ஒரு வட்டாரத்தின் அறுவடைப் பாடல்கள் பற்றியது. கேட்டு வாங்கி வந்தவை பதினொன்று. மீதியைப் பற்றி எனக்குத் தெரியாது.

இப்படிப் போனவை திரும்பி வருவதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1914இல் அவர் மறையும் வரை அது அவருடைய குரலாக இருந்தது. பிறகு எண்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழுலகம் அதை மறந்தே போயிற்று. இயக்கத்தவரும் அவர்கள் குடும்பத்தவரும் பொத்திக் காத்த படிகள் இருந்ததால்தான் ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுதிகளாக வெளியிட முடிந்தது. அதன் பிறகு அவரைப் பற்றி எத்தனை ஆய்வுகள்! மூலம் கைக்கு வந்தவுடன் ஆய்வு பெருகிற்று. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழுக்கு அந்த நல்வாய்ப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை.

ஆய்வேட்டில் இன்னொரு பயனும் உண்டு. ஊரில் நிலப் பிரச்சினையில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆய்வாளர் எழுதியதில் உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அடிக்குறிப்பில் அரசாணை எண், தேதி, துறை, கோப்பு இருக்கும் ஆவணக்காப்பகம் எல்லாம் இருக்கும். பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010அ எண் வருவாய்த் துறை அரசாணை என்று இன்று மேடைகளில் மனப்பாடமாகச் சொல்கிறோம். இந்த எண்கள் நமக்குக் கிடைத்தது எப்படி? பழைய கோப்புகளுக்குள் உட்கார்ந்து யாரோ தேடி எடுத்து அடிக்குறிப்பில் எழுதி வைத்தார்கள். உங்கள் வட்டத்தைப் பற்றி ஓர் ஆய்வேடு இருந்தால் அதன் அடிக்குறிப்புகளைத் தனியாக எழுதி எடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் "பழைய பதிவேடு எதுவும் இல்லை" என்று சொல்லும்போது, எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்ல முடியும். ஆய்வேடு பட்டாவாகாது. ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லும்.

பகிர்வதில் பலருக்குப் பயம் இருக்கிறது. பதிப்புரிமை பொதுவாக எழுதியவருக்கு உரியது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு நகல் கடை மீது பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டபோது, பாடத்துக்காக நகல் எடுத்துக் கொடுப்பது குற்றமல்ல என்று 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஷோத்கங்காவில் உள்ளவை, எழுதியவர் பெயரைச் சொல்லி, வியாபாரம் செய்யாமல் பகிரலாம் என்ற உரிமத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் கோப்பை மட்டும் தள்ளிவிடாமல் எழுதியவர் பெயர், பல்கலைக்கழகம், ஆண்டு, இணைப்பு நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். பெயரில்லாமல் சுற்றும் பிடிஎஃப் நாளைக்கு இன்னொருவன் பெயரில் புத்தகமாக வரும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வன்கொடுமை பற்றிய ஆய்வேடுகளில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர், ஊர், குடும்ப விவரம் அப்படியே அச்சாகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கு அது ஓர் 'அட்டவணை'. அந்தப் பெண் இன்றும் அதே ஊரில் இருக்கிறார், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பக்கங்களைப் பரப்பாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுதி அந்தப் பெயர்களை மறைக்கச் சொல்லுங்கள். பாட்டுப் பாடிய பாட்டியின் பெயர் வெளியே வர வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் வெளியே வரக் கூடாது. இந்த வித்தியாசம் துறைகளுக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியும்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்தச் சாதியில் பிறந்தவராக இருந்தாலும் சரி. களத்துக்குப் போன ஊருக்கு ஒரு படி கொண்டுபோய்க் கொடுங்கள். முழு ஆய்வேடு வேண்டாம் என்றால், அந்த ஊரைப் பற்றிய இயலையும் தகவலாளர் பட்டியலையும் மட்டும் நகல் எடுத்துக் கட்டிக் கொடுத்தால் போதும். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். பல ஊர்களில் அது பூட்டியே கிடக்கிறது, சில ஊர்களில் உர மூட்டை அடுக்கியிருக்கிறது. அந்த ஊரைப் பற்றிய ஆய்வேடு உள்ளே இருக்கிறது என்றால் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாலு பேராவது கேட்பார்கள். அம்பேத்கர் மன்றம், இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள் தங்கள் வட்டத்தைப் பற்றி வந்த ஆய்வேடுகளின் பட்டியல் ஒன்றை ஒரு குயர் நோட்டில் எழுதத் தொடங்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவரிடம் அந்த நோட்டைக் கொடுத்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பாதி முடிந்துவிடும்.

அலமாரி திறக்காத இடத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றிலும் பொதுத் தகவல் அலுவலர் உண்டு. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இந்தக் கேள்விகளை எழுதுங்கள். தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை எத்தனை முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஏற்கப்பட்டன, அவற்றில் எத்தனை ஷோத்கங்காவில் ஏற்றப்பட்டன, வெளியார் நூலகத்தில் ஆய்வேட்டைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உள்ள விதி என்ன, எம்.பில். ஆய்வேடுகளை நீக்கம் செய்ய யார் உத்தரவிட்டது, நீக்கியவற்றின் பட்டியல் எங்கே. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். கோடை விடுமுறையில்தான் துறைகளில் அலமாரி ஒழிப்பார்கள். மனுவை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.